ஆக்சஸ் புதிய பதிப்புக்கு மாறியதும் டேட்டாபேஸ் மெதுவாகிவிட்டதா? வேகத்தை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

2003-லோ 2007-லோ யாரோ எழுதிக் கொடுத்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைலில் இன்றும் பில் போடுகிற, ஸ்டாக் பார்க்கிற, கட்டணம் வசூலிக்கிற அலுவலகங்கள் ஏராளம். எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார், ஃபைல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஆஃபீஸ் பதிப்பை எவ்வளவு நாள் மாற்றாமல் வைத்திருக்க முடியும்? ஆக்சஸ் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபரில் முடிந்தது. 2013-க்கு 2023 ஏப்ரலில் முடிந்தது. 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-உடன் சரி. புதிய பதிப்பைப் போட்டதும் பலர் சொல்வது ஒன்றுதான்: முன்பு சட்டென்று திறந்த ஃபார்ம் இப்போது வெள்ளைத் திரையாக நிற்கிறது, ரிப்போர்ட் எடுத்தால் டீ குடித்துவிட்டு வரலாம்.

உடனே "புது வெர்ஷனே சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2007-இல், டேட்டாவைச் சேமித்துத் தேடித்தரும் ஜெட் என்ற பழைய எஞ்சினின் இடத்தில் ஏஸ் என்ற எஞ்சின் வந்தது உண்மை. ஆனால் ஏஸ் ஜெட்டின் வாரிசுதான். தகவலைத் தேடும் முறையில் தலைகீழ் மாற்றம் எதுவும் இல்லை. வேகம் காணாமல் போவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: ஃபைலுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான நெட்வொர்க், பழைய பதிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மிச்சங்கள், டேபிள் சிறிதாக இருந்த காலத்தில் எழுதிய குவெரிகள் (டேட்டாவைத் தேடி எடுக்கும் கட்டளைகள்). இந்த வரிசையிலேயே பாருங்கள். எல்லோரும் முதலில் குவெரியில்தான் கைவைப்பார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன், ஏனென்றால் அதில்தான் உழைப்பு அதிகம். முதல் இரண்டிலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன்: நகலும் கடிகாரமும்

எல்லோரும் வெளியேறிய பிறகு ஃபைலை நகல் எடுங்கள். பழைய எம்டிபி வடிவம் ஒன்று, மாற்றிய ஏசிசிடிபி வடிவம் ஒன்று, இரண்டையும் வேறு டிரைவில் வையுங்கள்.

அடுத்து, அளந்து பாருங்கள். "மெதுவாக இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. தினமும் செய்கிற மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: ஃபைல் திறப்பது, பில் ஃபார்ம் திறப்பது, மாத ரிப்போர்ட் எடுப்பது என்பதுபோல. ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி ஆகிறது என்று ஃபோனில் உள்ள ஸ்டாப்வாட்சில் பார்த்துத் தாளில் எழுதுங்கள். இரண்டு தனித்தனி நிலைகளில் அளக்க வேண்டும்: நீங்கள் ஒருவர் மட்டும் உள்ளே இருக்கும்போது ஒருமுறை, இன்னொரு கம்ப்யூட்டரிலும் யாராவது திறந்து வைத்திருக்கும்போது ஒருமுறை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்னால் நிறையச் சொல்லும். ஒரே வேலையை இரண்டாவது முறை செய்யும்போது மெமரியில் இருப்பதால் வேகமாகத் தெரியும்; ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் முன் ஆக்சஸை மூடித் திறங்கள்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி வேகம் கூடினால் எது உதவியது என்று தெரியாது; குறைந்தாலோ இன்னும் மோசம்.

படி 1: நோய் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

டேட்டா உள்ள ஃபைலையும் ஃபார்ம்கள் உள்ள ஃபைலையும் உங்கள் கம்ப்யூட்டரின் சி டிரைவுக்கே நகலெடுத்து, லிங்க்டு டேபிள் மேனேஜர் (வேறு ஃபைலில் உள்ள டேபிள்களுக்கான இணைப்பைக் கவனிக்கும் வசதி) வழியாக டேபிள்களை அந்த உள்ளூர் நகலோடு இணைத்து, அதே மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள். நகலில் செய்கிறீர்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். யாராவது அதில் உண்மையான பில் போட்டுவிட்டால் தலைவலி.

உள்ளூரில் பறந்தால், பிரச்சினை நெட்வொர்க் பக்கம். படி 2 முதல் 4 வரை உங்களுக்குத்தான். உள்ளூரிலும் அதே மந்தம் என்றால் படி 5-இல் தொடங்கி இறங்குங்கள், நெட்வொர்க்காரரைத் திட்டிப் பயனில்லை.

படி 2: ஃபைலை இரண்டாகப் பிரியுங்கள்

டேபிள்கள் மட்டும் உள்ள பேக் எண்ட் சர்வரில் இருக்க வேண்டும். ஃபார்ம், குவெரி, ரிப்போர்ட், கோட் (விபிஏ என்ற மொழியில் எழுதிய நிரல்) எல்லாம் உள்ள ஃப்ரண்ட் எண்ட் ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரிலும் தனி நகலாக இருக்க வேண்டும். இன்னும் பிரிக்காமல் ஒரே ஃபைலை எல்லோரும் திறக்கிறீர்கள் என்றால், மற்ற எதையும் படிக்கும் முன் இதைச் செய்யுங்கள். டேட்டாபேஸ் டூல்ஸ் மெனுவில் ஆக்சஸ் டேட்டாபேஸ் என்ற பட்டன் இந்தப் பிரிப்பைத் தானே செய்துதரும்.

பிரித்த பிறகும் ஃப்ரண்ட் எண்டைச் சர்வரிலேயே வைத்து, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் மட்டும் கொடுத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. அப்படியென்றால் பிரித்ததன் பாதிப் பலன் போச்சு: ஒவ்வொரு ஃபார்மின் வடிவமும் கோடும் நெட்வொர்க் வழியாகவே வந்து போகின்றன, ஒரே ஃபைலில் பலர் நடமாடுவதால் அது பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது. காலையில் சர்வரிலிருந்து புது நகலை எடுத்துத் திறக்கும் சின்ன பேட்ச் ஃபைல் ஒன்று எழுதிவிட்டால், ஃப்ரண்ட் எண்டில் திருத்தம் செய்யும்போது ஒவ்வொரு மேசையாக ஓட வேண்டியதில்லை. அந்த உள்ளூர் ஃபோல்டரை டிரஸ்ட் சென்டரில் நம்பகமான இடமாகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய பதிப்பு விபிஏ கோட் எதையும் ஓடவிடாமல் மஞ்சள் பட்டையைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

படி 3: வழியைச் சுத்தம் செய்யுங்கள்

பழைய பதிப்பிலிருந்து வந்த லிங்க்டு டேபிள்களைப் புதுப்பிப்பதோடு நிறுத்தாமல், அந்த இணைப்புகளை அழித்துவிட்டு புதிய பதிப்பிலேயே மறுபடி இணையுங்கள். அழிவது இணைப்புதான், டேட்டா இல்லை. ஆனால் டேபிள் ஐகானுக்கு முன்னால் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். அம்புக்குறி இல்லையென்றால் அது நிஜ டேபிள். இணைக்கும்போது இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று போகாமல் சர்வர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள். டிரைவ் எழுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஐந்தாறு அடுக்குக்குக் கீழே பேக் எண்ட் இருந்தால், பகிர்ந்த ஃபோல்டரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து பெயரையும் சுருக்குங்கள்.

வைஃபையில் பேக் எண்டைத் திறக்காதீர்கள். வேகத்தை விடுங்கள், சிக்னல் ஒரு நொடி அறுந்தால் எழுதிக்கொண்டிருந்த பக்கம் (ஆக்சஸ் டேட்டாவைப் படித்து எழுதும் துண்டு) பாதியில் நிற்கும், ஃபைல் கெட்டுப்போகும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டர்களிலும் பேக் எண்டை வைக்கக் கூடாது. அவை ஃபைலை ஃபைலாகவே ஒத்திசைக்கும், ஒரு ரெக்கார்டை (டேபிளின் ஒரு வரியை) மட்டும் எடுக்கத் தெரியாது. கிளை அலுவலகத்திலிருந்து விபிஎன் வழியாகத் திறப்பவர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப்தான் வழி. அதில் திரை மட்டும்தான் பயணிக்கும், டேட்டா சர்வர் பக்கத்திலேயே இருக்கும்.

ஆன்டிவைரஸ் இன்னொரு இடம். ஒவ்வொரு முறை ஃபைலைத் தொடும்போதும் அது முழுக்க ஸ்கேன் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேக் எண்ட் இருக்கும் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். முழு டிரைவையும் விலக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

எல்லா மேசையிலும் ஒரே பதிப்பு, ஒரே அப்டேட் நிலை இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்டேட்டே காரணமாக இருப்பதும் நடக்கும்: 2021 டிசம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல இடங்களில் ஒருவர் திறந்த ஃபைலை அடுத்தவர் திறக்க முடியாமல் போய், பின்னால் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

படி 4: பூட்டு ஃபைல் — பலருக்கும் விடை இங்கேதான்

பேக் எண்டை யாராவது தொட்டதும் அதே ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு சின்ன ஃபைல் முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எம்டிபிக்கு எல்டிபி, ஏசிசிடிபிக்கு எல்ஏசிசிடிபி. யார் உள்ளே இருக்கிறார்கள், எந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது என்பதை எஞ்சின் நிர்வகிப்பது இதை வைத்துத்தான். கடைசி ஆள் வெளியேறியதும் அது அழிந்துவிடும்.

இனிச் சிக்கலைப் பாருங்கள். ஒரு ஃபார்ம் திறக்கிறது, அது பேக் எண்டில் ஒரு டேபிளைத் தொடுகிறது, பூட்டு ஃபைல் உருவாகிறது. வேலை முடிந்து இணைப்பு மூடுகிறது, பூட்டு ஃபைல் அழிகிறது. அடுத்த காம்போ பாக்ஸ் (தேர்வுப் பட்டியல் விரியும் பெட்டி) இன்னொரு டேபிளைக் கேட்கிறது, மறுபடியும் உருவாக்கு, அழி. ஒவ்வொரு மூட்டைக்கும் குடோனைத் திறந்து, எடுத்து, பூட்டிவிட்டு வருவதுபோல. சர்வரில் ஃபைல் உருவாக்க அனுமதி சரிபார்க்க வேண்டும், ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்கும், நெட்வொர்க் பதில் வர வேண்டும். ஃபார்மில் பத்து காம்போ இருந்தால் இது பத்து முறை நடக்கலாம். இரண்டாவது ஆள் உள்ளே வந்துவிட்டாலோ, ஃபைலைப் புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மற்றவரின் பூட்டுகளோடு மோதாமல் பார்த்துப் போக வேண்டியிருப்பதால் நேரம் இன்னும் கூடும். "தனியாக இருந்தால் வேகம், இன்னொருவர் வந்தால் மந்தம்" என்று உங்கள் தாள் சொன்னால், சந்தேகத்தை முதலில் இங்கே வையுங்கள். புதிய சர்வர், புதிய விண்டோஸ், கூடுதல் பாதுகாப்புச் சரிபார்ப்பு எல்லாம் பதிப்பு மாற்றத்தோடு சேர்ந்தே வருவதால், பல வருடமாக இருந்த இந்தக் குறை அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு வரி கோட் கூட எழுதாமல் இதைச் சோதிக்கலாம். ஃப்ரண்ட் எண்டில் ஏதாவது ஒரு லிங்க்டு டேபிளைத் திறந்து, மூடாமல் சிறிதாக்கி ஓரமாக வையுங்கள். இப்போது மெதுவான ஃபார்மைத் திறங்கள். சட்டென்று வந்துவிட்டதா? விடை கிடைத்துவிட்டது: ஒரு இணைப்பு எப்போதும் திறந்தே இருந்தால் போதும்.

அதை நிரந்தரமாக்க, பேக் எண்டில் ஒரே ஒரு ரெக்கார்டு கொண்ட சின்ன டேபிள் ஒன்று உருவாக்கி இணையுங்கள். அதை ரெக்கார்டு சோர்ஸாகக் கொண்ட வெறும் ஃபார்ம் ஒன்றை வடிவமைத்து, ஃபைல் திறந்ததும் அது மறைந்த நிலையில் திறக்கும்படி ஆட்டோஎக்ஸிக் மேக்ரோவில் வையுங்கள். ஆக்சஸை மூடும்வரை அது திறந்தே இருக்கும். கோட் தெரிந்தவர்கள் ஒரு மாட்யூலில் பொது மாறி ஒன்றை வைத்து, டிஏஓ (கோடிலிருந்து டேட்டாவை அணுக உதவும் லைப்ரரி) தரும் ஓபன்டேட்டாபேஸ் வழியாக பேக் எண்டைத் திறந்து அந்த மாறியிலேயே பிடித்து வைக்கலாம். பலன் ஒன்றே, கோடில் கவனிக்காத பிழை வந்து புரோகிராம் நின்றால் மாறி காலியாகிவிடும் என்பதால் எனக்கு மறைந்த ஃபார்ம்தான் பிடிக்கும். இரண்டு மூன்று பேக் எண்ட் ஃபைல்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டும்.

படி 5: பழைய பதிப்பின் மிச்சங்கள்

முதலில், பெயர் திருத்தம். ஆக்சஸ் 2000-இல் வந்த நேம் ஆட்டோகரெக்ட் என்ற வசதி, ஒரு ஃபீல்டின் (டேபிளின் ஒரு நெடுவரிசையின்) பெயரை மாற்றினால் குவெரியிலும் ஃபார்மிலும் தானே மாற்ற முயலும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் பின்தொடர்ந்து சுமையைக் கூட்டுகிறது, சில நேரம் தவறாகவும் மாற்றுகிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கரண்ட் டேட்டாபேஸ் என்று போய் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். ஃப்ரண்ட் எண்ட், பேக் எண்ட் இரண்டிலும்.

அதே 2000 பதிப்பின் இன்னொரு பரிசு சப்டேட்டாஷீட். டேபிளைத் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கூட்டல் குறி தெரியுமே, அதுதான். இதன் இயல்பு மதிப்பு ஆட்டோ. அந்த நிலையில் ஒரு டேபிளைத் திறக்கும்போது அதோடு தொடர்புள்ள டேபிள்களையும் ஆக்சஸ் தேடிப் போகும். யாரும் அந்தக் கூட்டல் குறியை அழுத்தியிருக்க மாட்டார்கள், விலை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்போம். பேக் எண்டைத் திறந்து, ஒவ்வொரு டேபிளின் டிசைன் வியூவிலும் ப்ராப்பர்ட்டி ஷீட்டில் சப்டேட்டாஷீட் நேம் என்பதை நன் என்று மாற்றுங்கள். டேபிள்கள் நிறைய இருந்தால் கோடில் ஒரு சுற்று ஓட்டிவிடலாம். அந்த ப்ராப்பர்ட்டி இல்லாத டேபிள்களில் அதை உருவாக்கிச் சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள், இல்லையேல் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும்.

அடுத்தது கோட். விபிஏ கோடை ஆக்சஸ் இரண்டு வடிவங்களில் வைத்திருக்கும்: நாம் தட்டிய எழுத்து ஒன்று, அதிலிருந்து கம்பைல் செய்து உருவாக்கிய இடைநிலை வடிவம் ஒன்று. பல பதிப்புகளைக் கடந்து வந்த ஃபைலில் இந்த இரண்டாவது வடிவத்தில் பழைய குப்பை தேங்கியிருக்கும். இதைத் துடைக்க ஆவணத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வழி உண்டு. விண்டோஸ் ரன் பெட்டியில் ஆக்சஸ் புரோகிராமின் பாதை, பிறகு மேற்கோள் குறிக்குள் உங்கள் ஃபைலின் பாதை, கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு டீகம்பைல். என்டரை அழுத்தும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் தொடக்கக் கோட் ஓடி மறுபடி கம்பைல் ஆகத் தொடங்கிவிடும். திறந்ததும் காம்பாக்ட் (படி 6-இல் வரும் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்) செய்து, கோட் எடிட்டரில் டீபக் மெனுவில் உள்ள கம்பைலை அழுத்தி, இன்னொரு முறை காம்பாக்ட். இதை நகலில் மட்டும் செய்யுங்கள்.

கம்பைல் பாதியில் நின்றால் டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்ஸஸை (கோட் நம்பியிருக்கும் லைப்ரரிகளின் பட்டியல்) திறந்து பாருங்கள். மிஸ்ஸிங் என்று ஏதாவது வரி தொடங்கினால், புதிய பதிப்பில் இல்லாத லைப்ரரியைக் கோட் தேடிக்கொண்டிருக்கிறது. பழைய காலண்டர் கன்ட்ரோல் இப்படிப்பட்ட ஒன்று. ஆக்சஸ் 2010-லிருந்தே அது கிடையாது, தேதி ஃபீல்டுகளுக்கு இப்போது தானாகவே காலண்டர் வரும். டிஏஓ 3.6 என்றிருந்தால் அதை எடுத்துவிட்டு ஆஃபீஸ் ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் லைப்ரரியைக் குறியிடுங்கள். 64 பிட் ஆஃபீஸ் போட்டிருந்தால் விண்டோஸ் ஃபங்ஷன்களை அழைக்கும் டிக்ளேர் வரிகளில் பிடிஆர்சேஃப் சேர்க்க வேண்டும், பாயிண்டர்களும் ஹேண்டில்களும் லாங்பிடிஆர் வகைக்கு மாற வேண்டும். 64 பிட் என்றால் இருமடங்கு வேகம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆக்சஸைப் பொறுத்தவரை அது மெமரி சம்பந்தப்பட்டது, வேகம் சம்பந்தப்பட்டது அல்ல.

இதற்கெல்லாம் மசியாத ஃபைலுக்குப் பழைய வைத்தியம்: புதிய பதிப்பில் காலி ஏசிசிடிபி ஒன்றை உருவாக்கி, எக்ஸ்டர்னல் டேட்டா வழியாக எல்லா ஆப்ஜெக்டையும் அதற்குள் இறக்குமதி செய்வது. ஆப்ஷன்களும் ரெஃபரன்ஸ்களும் கூட வராது, அவற்றைக் கையால் அமைக்க வேண்டும். ஆக்சஸ் 97 காலத்து ஃபைல் என்றால் ஒரு தடை: 2013 முதல் எந்தப் பதிப்பும் அதைத் திறக்காது. 2010 அல்லது அதற்கு முந்தையது ஒன்றில் திறந்து, 2002-2003 வடிவத்துக்கு மாற்றி, அங்கிருந்து வர வேண்டும். பயனர் வாரியான பாதுகாப்பு, ரெப்ளிகேஷன் (ஃபைலின் பல நகல்களை ஒத்திசைக்கும் வசதி) இரண்டையும் ஏசிசிடிபி ஆதரிக்காது. பயனர் வாரியான பாதுகாப்பை நம்பியிருக்கும் அலுவலகம் எம்டிபியிலேயே இருப்பது நல்லது. புதிய ஆக்சஸ் அதைத் திறக்கத்தான் செய்கிறது.

படி 6: எடையைக் குறையுங்கள்

காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் தெரியாதவர் இல்லை. அது அழித்த ரெக்கார்டுகளின் இடத்தை மீட்பதோடு, டேபிள் பற்றிய புள்ளிவிவரங்களையும் புதுப்பிக்கிறது, குவெரிகள் அடுத்த முறை ஓடும்போது அதற்கேற்பப் புதிய திட்டம் போட்டுக்கொள்ளும். மாதம் ஒருமுறை, எல்லோரும் வெளியேறிய பிறகு, பேக் எண்டுக்குச் செய்யுங்கள். மூடும்போது தானே காம்பாக்ட் ஆகும் ஆப்ஷனைப் பேக் எண்டில் போடாதீர்கள்.

பொருள்களின் படமோ ஆட்களின் ஃபோட்டோவோ ஓஎல்ஈ ஃபீல்டில் (படத்தை டேபிளுக்குள்ளேயே வைக்கும் ஃபீல்டு வகை) இருந்தால் ஃபைல் வீங்கியிருக்கும். ஒரு ஃபைல் 2 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் இது வேகத்தைவிடப் பெரிய ஆபத்து. படத்தைச் சர்வர் ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் ஃபீல்டில் எழுதுங்கள். ஃபார்மில் லோகோ, பின்னணிப் படம் இருந்தால், கரண்ட் டேட்டாபேஸ் ஆப்ஷனில் படத்தின் மூல வடிவத்தையே வைத்துக்கொள்ளும் தேர்வைக் குறியிட்டுவிட்டு, படத்தை எடுத்து மறுபடி வையுங்கள். பழைய முறையில் அது பிட்மேப்பாக மாறிப் பல மடங்கு பெருத்திருக்கும்.

தமிழில் பெயர், முகவரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. யூனிகோட் கம்ப்ரெஷன் என்ற ப்ராப்பர்ட்டி ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்துகளைத்தான் சுருக்கும். தமிழில் ஒவ்வொரு குறியும் 2 பைட் பிடிக்கும். "கை" என்பதில் குறி இரண்டு, "ஸ்ரீ" என்பதில் நான்கு. 255 குறி எல்லையுள்ள ஷார்ட் டெக்ஸ்ட் ஃபீல்டில் நீண்ட முகவரி ஏன் வெட்டுப்படுகிறது என்று குழம்பியவர்களுக்கு இதுதான் காரணம்.

படி 7: இண்டெக்ஸும் குவெரியும்

"ஆக்சஸ் எப்போதும் முழு டேபிளையும் நெட்வொர்க்கில் இழுக்கும்" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. பேக் எண்ட் வெறும் ஃபைல். சர்வர் அதில் எதையும் தேடித் தராது, தேடுவது உங்கள் கம்ப்யூட்டர் என்பது உண்மை. ஆனால் தேடும் ஃபீல்டில் இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவு போன்ற தேடல் பட்டியல்) இருந்தால், இண்டெக்ஸின் சில பக்கங்களும் தேவையான ரெக்கார்டுகள் உள்ள பக்கங்களும் மட்டுமே வரும். ஒரு பக்கம் 4 கேபி. இண்டெக்ஸ் இல்லையென்றால்தான் டேபிள் முழுதும் கம்பியில் ஓடி வர வேண்டும். 2008-இல் 2,000 பில் இருந்தபோது யாருக்கும் இது தெரிந்திருக்காது. இப்போது 3 லட்சம் பில் இருக்கும்.

எனவே தேடும், வரிசைப்படுத்தும், இரண்டு டேபிளை இணைக்கும் ஃபீல்டுகள் எவை என்று எழுதி, அவற்றுக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே தேவையில்லாதவற்றையும் நீக்குங்கள். பெயரில் ஐடி, கீ, கோட், நம் என்ற ஆங்கிலச் சொற்கள் முன்னாலோ பின்னாலோ வரும் ஃபீல்டுகளுக்கு ஆக்சஸ் தானே இண்டெக்ஸ் போட்டுவிடும். ஆப்ஷன்ஸில் ஆப்ஜெக்ட் டிசைனர்ஸ் பகுதியில் இந்தப் பட்டியல் இருக்கிறது. ரிலேஷன்ஷிப்பில் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி (ஒரு டேபிளில் இல்லாத ஒன்றை இன்னொரு டேபிள் சுட்டாமல் தடுக்கும் விதி) போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்று உருவாகும். ஒரே ஃபீல்டுக்கு இரண்டு மூன்று இண்டெக்ஸ் என்றால் ஒவ்வொரு பில் சேமிக்கும்போதும் அத்தனையும் எழுதப்பட வேண்டும்.

இண்டெக்ஸ் இருந்தும் அது பயன்படாமல் போவதற்கு முக்கியக் காரணம், ஃபீல்டின்மேல் ஃபங்ஷனைப் போர்த்துவது. பில்தேதியை இயர் ஃபங்ஷனுக்குள் போட்டு 2024-க்குச் சமமா என்று கேட்டால், எஞ்சின் ஒவ்வொரு ரெக்கார்டாக எடுத்து ஆண்டைக் கணக்கிட்டுப் பார்த்தாக வேண்டும். நிதியாண்டு வேண்டுமென்றால் பில்தேதி >= #2024-04-01# என்றும் பில்தேதி < #2025-04-01# என்றும் இரண்டு நிபந்தனையாகக் கேளுங்கள், இண்டெக்ஸ் நேராக வேலை செய்யும். மார்ச் 31 மாலையில் நேரத்தோடு பதிவான பில்லும் விடுபடாது.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கோடில் உருவாக்கும் எஸ்க்யூஎல் (குவெரி எழுதும் மொழி) வரியில் #05/04/2024# என்று எழுதினால் ஆக்சஸ் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும், நாம் நினைப்பதுபோல ஏப்ரல் 5 அல்ல. 25/04/2024 என்றால் மாதம் 25 கிடையாது என்பதால் சத்தமில்லாமல் ஏப்ரல் 25 ஆக்கிவிடும். பாதி மாதம் சரியாகவும் பாதி மாதம் தவறாகவும் வரும் ரிப்போர்ட்டுகளின் ரகசியம் இது.

குவெரிக்குள் டீலுக்கப், டீசம், டீகவுண்ட் போன்ற டொமைன் ஃபங்ஷன்கள் இருந்தால் பிடுங்கி எறியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஒரு குவெரி ஓடுகிறது என்று அர்த்தம். அந்த டேபிளை ஜாயின் செய்தாலே போதும், அல்லது முன்கூட்டியே கூட்டிவைத்த குவெரியை ஜாயின் செய்யுங்கள். நீங்களே எழுதிய விபிஏ ஃபங்ஷனை நிபந்தனைப் பகுதியில் வைப்பதும் இதே கதைதான். பெயர் தேடலில் நட்சத்திரக் குறியை முன்னால் போட்டால் இண்டெக்ஸ் உதவாது. பின்னால் மட்டும் போட்டால் உதவும். இரண்டு குவெரிகளின் முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் குவெரியில் ஒரே வரி இரண்டு முறை வர வாய்ப்பில்லை என்று தெரிந்தால் யூனியன் ஆல் என்று மாற்றுங்கள், வீணாக வரிசைப்படுத்தும் வேலை மிச்சம்.

எஞ்சின் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க ஆசையா? விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் ஆஃபீஸ் பதிப்பின்கீழ் ஆக்சஸ் கனெக்டிவிட்டி எஞ்சின், அதற்குள் எஞ்சின்ஸ் என்று போய், டீபக் என்ற கீயை உருவாக்கி, ஜெட்ஷோபிளான் என்ற ஸ்ட்ரிங்குக்கு ஆன் என்று மதிப்புக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 போட்டிருந்தால் கிளிக் டு ரன் கிளைக்குள் இதே பாதை இருக்கும், அங்கே செய்ய வேண்டும். ஆக்சஸை மூடித் திறந்து குவெரியை ஓட்டினால், ஷோபிளான் என்ற டெக்ஸ்ட் ஃபைலில் திட்டம் முழுதும் எழுதப்படும். அதில் பெரிய டேபிளின் பெயரோடு "ஸ்கேன்" என்ற சொல் வந்தால் குற்றவாளி அகப்பட்டார். "ரஷ்மோர்" என்று வந்தால் மகிழ்ச்சி: 1992-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஃபாக்ஸ்புரோவோடு கைக்கு வந்த தேடல் நுட்பம் அது. பழைய ஃபாக்ஸ்புரோ ஆட்களுக்கு அதன் வேகம் நினைவிருக்கும். வேலை முடிந்ததும் அந்த மதிப்பை ஆஃப் செய்யுங்கள், இல்லையேல் அந்த ஃபைல் வளர்ந்துகொண்டே போகும்.

படி 8: ஃபார்மும் பிரிண்டரும்

பில் ஃபார்ம் திறக்கும்போது 3 லட்சம் பில்லும் பின்னால் இருக்க வேண்டுமா? புது பில் போடத் திறந்தால் டேட்டா என்ட்ரி நிலையில் காலியாகத் திறக்கட்டும். பழையதைப் பார்க்க வந்தால் பில் எண்ணை முதலில் கேட்டு, அந்த ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள காம்போ பாக்ஸில் மூன்று எழுத்து தட்டிய பிறகு பட்டியலை நிரப்பும்படி மாற்றலாம். டேப்களில் ஐந்து சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் வரும் ஃபார்ம்) இருந்தால், அந்த டேபை அழுத்தும்போதுதான் சப்ஃபார்மின் சோர்ஸ் ஆப்ஜெக்டைக் கொடுங்கள். யாரும் அழுத்தாத டேபுக்கு ஏன் டேட்டா?

ரிப்போர்ட் மட்டும் மெதுவாக இருந்தால் இயல்பு பிரிண்டரைப் பாருங்கள். பக்க அளவு, ஓரம் எல்லாவற்றுக்கும் ஆக்சஸ் அதைத்தான் கேட்கும். புதிய கம்ப்யூட்டரில், இப்போது அணைந்து கிடக்கும் நெட்வொர்க் பிரிண்டர் இயல்பாக இருந்தால் பதிலுக்குக் காத்துக் கிடக்கும். மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதை இயல்பாக்கிச் சோதியுங்கள், ஒரு நிமிட வேலை.

இவ்வளவும் செய்தும் போதாவிட்டால்

காகிதத்தில் ஆக்சஸ் ஒரே நேரத்தில் 255 பேரைத் தாங்கும். ஒரே டேபிளில் நாள் முழுதும் எழுதுகிறவர்கள் இருபது பேரைத் தாண்டினாலோ, பேக் எண்ட் 1 ஜிபியைக் கடந்து ஏறிக்கொண்டே போனாலோ நான் டேபிள்களை மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வரான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு நகர்த்திவிடுவேன். இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை போகலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் டேபிள்களை ஏற்றி, ஆக்சஸில் இணைப்பும் போட்டுத்தரும். ஃபார்மும் ரிப்போர்ட்டும் ஆக்சஸிலேயே இருக்கலாம்.

ஆனால் நகர்த்திய மறுநாளே வேகம் வரும் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். விபிஏ ஃபங்ஷன் கலந்த குவெரியைச் சர்வரால் ஓட்ட முடியாது. அப்போது ஆக்சஸ் எல்லா ரெக்கார்டையும் இங்கே இழுத்துத்தான் வடிகட்டும், முன்பைவிட மெதுவாகக்கூடப் போகலாம். கனமான ரிப்போர்ட்டுகளைச் சர்வரிலேயே ஓடும் பாஸ்-த்ரூ குவெரியாக எழுதுங்கள், வியூக்களை (சர்வரில் சேமித்த குவெரிகளை) இணைக்கும்போது ஆக்சஸ் கேட்கும் தனித்த அடையாள ஃபீல்டைச் சரியாகக் காட்டுங்கள். படி 7-இல் சொன்ன குவெரித் திருத்தங்களை நகர்த்தும் முன்பே முடித்துவிட்டால் அங்கே பாதி வேலை குறையும்.